கோழிக்கூடு வைத்த இடம்

என் கை வெந்த பிறகுதான் நான் அந்தக் கன்னியர் மடத்துக்குப் போனேன்.

அதற்கு முன் லாண்டிரியில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்ததைச் சூடான உருளைகளுக்கு நடுவே செலுத்தினால் அந்தப் பக்கம் இஸ்திரி போட்டு வெளியே வரும். உருளைப் பக்கம் நிற்பவர்கள் எல்லாம் என்னைப்போல் கறுத்தவர்கள். ஜன்னலோர மேசையில் காற்று வாங்கிக்கொண்டு மடிப்பவர்கள் எல்லாம் வெளுத்தவர்கள். இப்படி நிற்கவேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. புதிதாக வருபவர்கள் தாங்களாகவே இடம் தெரிந்து போய் நிற்பார்கள்.

ஒரு நாள் உருளை என் இடது கையைப் பிடித்துக்கொண்டது. கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி என்னைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். ஊரில் அம்மாவிடம் போனில் "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் போர்டு சிஸ்டர் என்னைக் கண்டுபிடித்தார். அது அவர் பெயர் இல்லை. எந்தத் தொழிற்சாலை வாசலில் பார்த்தாலும் கையில் எழுதிய போர்டோடு நிற்பதால் ஊரே வைத்த பெயர். அவர் தூங்கும்போதுகூட நெஞ்சில் ஒரு போர்டு இருக்கும் என்று மடத்தில் கேலி பேசுவார்கள்.

"கை எப்படிம்மா வெந்துச்சு?"

"உருளைல மாட்டிக்கிச்சு சிஸ்டர்."

"உருளைல யார நிக்க வைப்பாங்க?"

"எங்கள மாதிரி ஆளுங்கள."

"எங்கள மாதிரின்னா?"

என் நல்ல கையை எடுத்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம்.

"புரிஞ்சுது," என்றார். "எந்திரி. போலாம்."

மடத்தின் பின்கட்டில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். எனக்காக லாண்டிரி முதலாளிமேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு முடியும்வரை சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. ஒரு கையால் முடிந்ததைச் செய்கிறேன் என்று சமையலறைக்குப் போனேன்.

அங்கே அடுப்பு சிஸ்டர் இருந்தார்.

அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். கால் இரண்டும் தூண்போல வீங்கியிருந்தன. இருதயத்தில் நீர் கோத்திருக்கிறது, படுக்கையில் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ ஒரு நாற்காலியை அடுப்பின் முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்தபடியே நாற்பது பேருக்கு சூப் கிளறினார். என் கைக்கட்டுத் துணியைப் பார்த்ததும், "வா பொண்ணே. உனக்கு ஒரு கை இல்ல, எனக்கு ரெண்டு கால் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்தா முக்கால் ஆள் தேறும்," என்றார். நான் அந்த ஊருக்கு வந்து முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த மடத்தில் முன்பு இரண்டு வகை சிஸ்டர்கள் இருந்தார்கள். கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்து சங்கீதம் பாடுபவர்கள் பாட்டு சிஸ்டர்கள். சமையல், துவைப்பு, மாட்டுக்கொட்டகை எல்லாம் பார்த்துவிட்டுப் பின் பெஞ்சில் ஜெபமாலை சொல்பவர்கள் வேலை சிஸ்டர்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள் என்றுதான் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் படித்துவிட்டு வந்த கறுத்த பெண்களும் கொட்டகைக்குத்தான் போனார்கள். அந்தச் சட்டம் எப்போதோ மாறிவிட்டது. மாறிய பிறகு வந்தவர் போர்டு சிஸ்டர். அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து பாடினார். மாறாமல் இருந்தது கல்லறைத் தோட்டம் மட்டும். முன்னால் பாட்டு சிஸ்டர்கள், வெள்ளைக் கல், செதுக்கிய பெயர். நடுவே ஆளுயரச் சுவர். சுவருக்குப் பின்னால், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, இரும்புச் சிலுவைகள். வேலை சிஸ்டர்கள்.

அவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அடுப்பு சிஸ்டர்தான்.

இரும்புச் சிலுவைகளுக்கு நடுவே ஒரு கோழிக்கூடு இருந்தது. கல்லறையில் யாராவது கோழிக்கூடு வைப்பார்களா என்று நான் ஒரு நாள் கேட்டேன். அவர் முட்டை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பக்கத்துல சாஞ்சாப்ல ஒரு சிலுவ தெரியுதா? அது எங்க அக்கா."

"உங்க கூடப் பொறந்த அக்காவா?"

"ஒரே வயிறு. ஒரே நாள்ல இந்த வாசப்படி ஏறினோம். உள்ள வந்ததும் அப்ப மடத்துக்குத் தலைவியா இருந்த மதர் சொன்னாங்க, 'இங்க எல்லாரும் ஒண்ணு. ரத்த சொந்தம்னு தனியா எதுவும் கெடையாது. அக்கான்னு கூப்பிடக் கூடாது'ன்னு. எல்லாரும் ஒண்ணாம். பெஞ்சு மட்டும் ரெண்டாம்." அவர் ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவள துவைக்கப் போட்டாங்க. என்ன அடுப்புல போட்டாங்க. அவ துவைக்கற கல்லு இந்த ஜன்னலுக்கு நேரா இருந்துச்சு. நான் கரண்டியால ஜன்னல் கம்பியத் தட்டுவேன். அவ கட்டையால கல்லுல தட்டுவா. சாப்பிட்டியா? சாப்பிட்டேன். தலவலி எப்படி இருக்கு? பரவால்ல. எல்லாம் தட்டறதுலதான். பாட்டு சிஸ்டருங்க, 'இவ சமைக்கறப்ப என்ன சத்தம்'னு திட்டுவாங்க."

அக்கா நெஞ்சுச் சளியில் சின்ன வயதிலேயே போய்விட்டார். அடக்கம் செய்த அன்றுதான் மடத்தைப் பார்க்க பிஷப் வந்திருந்தார். விருந்து. அடுப்பை விட்டு நகரக் கூடாது என்று தங்கைக்கு உத்தரவு.

"மணி அடிக்குது. எனக்குத் தெரியும், யாருக்குன்னு. கறி ஒரு பக்கம் கொதிக்குது. நான் கம்பியத் தட்டறேன். தட்டிட்டே இருக்கேன். அன்னைக்குத்தான் பதில் வரல." முட்டையைக் கூடையில் வைத்தார். "மறுநாள் போய் மண்ணுகிட்ட சொல்லிட்டு வந்தேன். இன்னைக்கு வர முடியலடி, கடைசியில வந்து உன் பக்கத்துலயே படுத்துக்கறேன்னு. அப்புறம்தான் பயம் வந்துச்சு. பக்கத்துல வேற யாரயாவது போட்டுட்டாங்கன்னா? அதான் கூட்ட அங்க வச்சேன். கோழிக்கு அங்கதான் வெயில் நல்லா விழுதுன்னு மதர்கிட்ட சொன்னேன்."

"பொய்யா சிஸ்டர்?"

"பொய்தான். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். சாமியார் சிரிச்சுட்டாரு. முட்டைக்கு முட்டையும் ஆச்சு, இடத்துக்கு இடமும் ஆச்சு."

அதன்பிறகு எத்தனையோ வேலை சிஸ்டர்களை அங்கே அடக்கம் செய்தார்கள். கோழிக்கூட்டை யாரும் நகர்த்தவில்லை.

என் வழக்கு விசாரணைக்கு வந்தது. போர்டு சிஸ்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, லாண்டிரியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். முதலாளியின் வக்கீல் நிதானமாக எழுந்தார். கையில் ஒரு போட்டோ.

"இது எந்த இடம்னு சொல்ல முடியுமா சிஸ்டர்?"

"எங்க மடத்துக் கல்லறைத் தோட்டம்."

"நடுவுல என்ன இருக்கு?"

"சுவர்."

"இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாரு?"

போர்டு சிஸ்டர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"செத்தவங்களையே தோல் பாத்துப் பிரிச்சு வச்சிருக்கீங்க. என் கட்சிக்காரர் உயிரோட இருக்கறவங்கள எங்க நிறுத்தணும்னு பாடம் நடத்த வந்துட்டீங்க. ஊருக்குத்தான் உபதேசமா?"

விசாரணை மன்றமே சிரித்தது. ஜன்னலோரம் மடிக்கும் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது போர்டு சிஸ்டர் பஸ் ஸ்டாப்பில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அந்தச் சுவர இடிக்கணும்னு நான் வந்த நாள்லேருந்து சொல்றேன்," என்றார். "பழசத் தோண்டாதீங்கன்னு மதர் சொல்றாங்க. இப்ப பார், உன் கைக்கு நியாயம் கெடைக்காம போறதுக்கு அந்தச் சுவர் சாட்சி சொல்லிட்டு இருக்கு."

அன்றிலிருந்து அவர் மதரை விடவில்லை. கடைசியில் மதர் பாதி இறங்கி வந்தார். சுவர் இருக்கட்டும், இனிமேல் யார் இறந்தாலும் முன்பக்கம்தான். இனிமேல் என்றால் யார்? கறுத்தவர்களில் அடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பு சிஸ்டரின் உதடு ஏற்கெனவே நீலம் பாய்ந்திருந்தது.

போர்டு சிஸ்டர் ஓடிவந்து சமையலறையில்தான் முதலில் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. "சிஸ்டர், ஜெயிச்சுட்டோம்! உங்களுக்கு முன்னாடி இடம். முதல் வரிசை. வெள்ளைக் கல்லு. உங்க பேரு."

அடுப்பு சிஸ்டர் கரண்டியை வைத்தார். "எனக்கெதுக்கும்மா முதல் வரிசை? சினிமா பாக்கவா?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. எனக்கு அங்க இடம் இருக்கு." ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினார். "மதர்கிட்ட ஏற்கெனவே கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."

போர்டு சிஸ்டரின் முகம் மாறியது. "சரின்னுதான் சொல்லுவாங்க! அவங்களுக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. 'அவங்களே பின்னாடிதான் வேணும்னாங்க'ன்னு நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லலாமே. உங்க வாயாலேயே பின்னாடி போறேன்னு சொன்னா, இத்தன வருஷம் அவங்க செஞ்சதெல்லாம் சரின்னு ஆயிடும்."

"நான் சுவருக்காகப் போகலம்மா. எங்க அக்காவுக்காகப் போறேன்."

"பாக்கறவங்களுக்கு அக்கா தெரிய மாட்டாங்க. சுவர்தான் தெரியும்." அவர் அந்த நாற்காலியின் முன்னால் மண்டி போட்டு, வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டார். "நீங்க உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல சிஸ்டர். அந்தச் சுவருக்குப் பின்னாடி கெடக்கற எல்லாருக்காகவும் நீங்க முன்னாடி போகணும். இந்தப் பொண்ணோட கைக்காகவும்."

என்னைக் காட்டினார். அடுப்பு சிஸ்டர் என் கையைப் பார்த்தார். நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"அவங்க கேக்கறதக் குடுத்துடுங்களேன் சிஸ்டர்," என்றேன். "என் கை எப்படியும் வெந்ததுதானே."

"உன் கை மட்டும் இல்ல. இன்னைக்கு அந்த உருளைல வேற ஒருத்தி நிக்கறா," என்றார் போர்டு சிஸ்டர்.

அது உண்மை. என் இடத்துக்கு வந்த பெண்ணை எனக்குத் தெரியும்.

அடுப்பு சிஸ்டர் மறுபடி கரண்டியை எடுத்தார். "நான் ஒரு தடவ கேட்டுட்டேன். ரெண்டாந்தடவ கேக்கற பழக்கம் எனக்கு இல்ல. மதர் என்ன சொல்றாங்களோ அதான்."

வேலை சிஸ்டர்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். எதுவானாலும் ஒரு தடவை கேட்கலாம். பதில் வந்தபின் மறுபடி கேட்டால் துறவுக்கு வந்தபோது கொடுத்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டை மீறியதாகும். போர்டு சிஸ்டரின் தலைமுறை அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டது. அவர் மதரிடம் நூறு தடவை கேட்பார். கிடைக்காவிட்டால் போர்டு எழுதுவார். அதனால்தான் அந்த ஒரு வார்த்தையின் கனம் அவருக்குத் தெரியவில்லை. "மதர் என்ன சொல்றாங்களோ" என்றால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் மதரிடம் போனார். உள்ளே என்ன பேசினார்களோ. பத்திரிகைக்காரர்கள், விசாரணை, வக்கீலின் போட்டோ என்ற வார்த்தைகள் மட்டும் வராண்டாவரை கேட்டன. மறுநாள் காலை மதரே சமையலறைக்கு வந்தார். வெளுத்து மெலிந்த மனுஷி. கெட்டவர் இல்லை. அவர் சமையலறைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் மாவு டின் பக்கத்தில் நின்றார்.

"சிஸ்டர், உங்கள முன்பக்கம் அடக்கம் பண்றதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். கீழ்ப்படிதலோட ஏத்துக்குங்க."

"சரிங்க மதர்," என்றார் அடுப்பு சிஸ்டர்.

அவ்வளவுதான். மதர் போனபிறகு சூப்பில் உப்பு பார்த்தார். போதவில்லை என்று கொஞ்சம் போட்டார். அன்று சாயங்காலம் என்னை அழைத்துக்கொண்டு, தடியை ஊன்றி, சுவருக்குப் பின்னால் போனார். போய்ச் சேரவே வெகுநேரம் ஆனது. கோழிகளுக்குத் தீனி போட்டார். சாய்ந்த சிலுவையின் முன்னால் நின்று எதுவும் பேசவில்லை. திரும்பி வரும்போது, "எப்படிச் சொல்றதுன்னு தெரியல பொண்ணே. அவ கோவக்காரி," என்று மட்டும் சொன்னார்.

சாமியார் வந்து எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்த பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. போர்டு சிஸ்டர்தான் பக்கத்தில் இருந்து வாய் துடைத்தார், புரட்டிப் படுக்கவைத்தார், அழுதார். பெற்ற மகள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். கடைசி நாள் காலையில் அடுப்பு சிஸ்டரின் கை கட்டிலின் இரும்புக் கம்பியை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. நடுக்கம் என்றார் நர்ஸ்.

அடக்கத்துக்குக் கூட்டம். நான் பார்த்தவரையில் அந்த மடத்தில் அத்தனை கறுத்த முகங்கள் முன்வாசல் வழியாக வந்ததில்லை. லாண்டிரியிலிருந்து உருளைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்தி என் தோளில் சாய்ந்து, "நம்மாளு ஒருத்தி முதல் வரிசைக்குப் போறாடி," என்று விம்மினாள். கேமராக்கள். வெள்ளைக் கல். போர்டு சிஸ்டர் பேசினார். "பின் பெஞ்சிலேருந்து முன்னாடி வர ஒரு மனுஷிக்கு ஒரு வாழ்க்கை முழுக்க ஆச்சு," என்று அவர் சொன்னபோது பாட்டு சிஸ்டர்களே அழுதார்கள். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை. அது பெரிய விஷயம்தான். அதையும் சொல்லவேண்டும்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு கிழவர் வந்தார். பஸ் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டதாம். கையில் துணிப்பை. போர்டு சிஸ்டரும் நானும் மாலைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"நான் அவங்க தம்பி," என்றார். எழுபத்தைந்து வயதுத் தம்பி. புது மண்ணைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார். இடப்பக்கம் ஒரு பாட்டு சிஸ்டர். வலப்பக்கம் இன்னொரு பாட்டு சிஸ்டர்.

"பெரியக்கா எங்க?"

போர்டு சிஸ்டர் அவரைச் சுவருக்குப் பின்னால் அழைத்துப் போனார். சாய்ந்த சிலுவையைக் காட்டினார். கிழவர் அதைத் தடவினார். பக்கத்தில் கூட்டைப் பார்த்தார். கோழி ஒன்று தலையை நீட்டி அவரைப் பார்த்தது.

"பக்கத்துல இடம் இருக்கே," என்றார்.

"இருக்குங்க."

"பார்க்க வரும்போதெல்லாம் சின்னக்கா சொல்லும். 'எனக்கு ஒண்ணும் கொற இல்லடா, இடம் புடிச்சு வச்சிருக்கேன்'னு. பஸ்ல துண்டு போட்டு வைக்கற மாதிரி சொல்லும்." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "அந்தக் காலத்துல பெரியக்கா சாவுக்குச் சின்னக்காவ விடல. சரி, அவங்க வேற ஆளுங்க. அவங்களுக்குத் தெரியாது." போர்டு சிஸ்டரின் முகத்தை, கைகளை, மெதுவாகப் பார்த்தார். "நீங்க நம்ம ஜனம்தானேம்மா?"

"ஆமாங்க."

"உங்ககிட்டயும் சொல்லலையா சின்னக்கா?"

போர்டு சிஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். கிழவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"சொன்னாங்க," என்றார்.

கிழவர் தலையாட்டினார். திட்டவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட்டை எடுத்து, பாதியைச் சாய்ந்த சிலுவையின் கீழே வைத்தார். மீதியை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி முன்பக்கம் நடந்தார். அந்தச் சுற்று வயசானவருக்கு நீண்ட சுற்று.

அன்று மாலையே போர்டு சிஸ்டர் மதரிடம் போனார். சவப்பெட்டியை எடுத்துப் பின்னால் வைக்கவேண்டும் என்றார். மதர் அவரை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார்.

"'நாளைக்குப் பேப்பர்ல படம் வரும். வந்த மறுநாளே தோண்டி எடுத்துப் பின்னாடி போட்டா என்ன எழுதுவாங்க? கறுத்த சிஸ்டர முன்னாடி வச்சுக்க மனசு வரலன்னு எழுதுவாங்க. அந்த வக்கீல் அதையும் போட்டோ எடுப்பார்'னாங்க." செருப்பிலிருந்த புதுமண்ணைத் தட்டினார். "அவங்க சொல்றது சரிதான். நான் சொல்லிக் குடுத்ததத்தான் சொல்றாங்க."

"மறுபடி கேளுங்க சிஸ்டர். நீங்கதான் நூறு தடவ கேப்பீங்களே."

"கேட்டேன்," என்றார். "நாளைக்கும் கேப்பேன்."

இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பதில் மாறவில்லை. என் வழக்கும் முடியவில்லை. லாண்டிரியில் இரண்டு கறுத்த பெண்களை இப்போது ஜன்னலோர மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்வி. சுவரை மட்டும் இடித்தாகிவிட்டது. படம் பேப்பரில் வந்தபின் மதரே ஆள் வைத்து இடித்தார். இப்போது ஜன்னலில் நின்றால் இரண்டும் தெரிகிறது. அங்கே வெள்ளைக் கல், இங்கே சாய்ந்த சிலுவை. நடுவில் வெறும் புல்.

கோழிக்கூட்டைத் தோட்டக்காரர் எடுக்க வந்தார். போர்டு சிஸ்டர் வேண்டாம் என்றுவிட்டார். தினமும் சாயங்காலம் அவரே போய்த் தீனி போடுகிறார். கோழிகள் அவரை இன்னும் நம்பவில்லை. தீனியைப் போட்டுவிட்டு அவர் தள்ளி நின்றால்தான் வருகின்றன.

நேற்று அவர் அங்கே நின்றபோது நான் சூப் கிளறிக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி. அந்தத் தட்டல் கதையை அவருக்கு நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். கூட்டின் மரச்சட்டத்தின்மேல் அதை ஓங்கியவர், அப்படியே நின்றுவிட்டார்.

சாப்பிட்டேன் என்பதற்கு அக்கா எப்படித் தட்டுவார் என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.